தலைக்கு ஊற்றிய தண்ணீர்

தொட்டித் தண்ணீரில் முழங்கையை விட்டுச் சூடு பார்த்தாள் பார்லர்க்காரி. கொஞ்சம் கூடுதலாக இருந்தது. ஒரு கப் பச்சைத்தண்ணீர் ஊற்றிக் கலக்கி மறுபடியும் முழங்கையை விட்டாள். குளிக்கப்போகிற குழந்தை காலையிலேயே இறந்துவிட்டது. அதற்கு இனிமேல் சூடு என்ன, குளிர் என்ன. ஆனாலும் சூடு பார்க்காமல் ஒரு தலையில் தண்ணீர் விட்டு அவளுக்குப் பழக்கமில்லை.

“சரியா இருக்கு. கொண்டா.”

தம்பி மனைவி துண்டோடு குழந்தையை எடுத்துவந்து சமையலறைத் தரையில் உட்கார்ந்தாள். அந்த நீல பிளாஸ்டிக் தொட்டியைக் குழந்தை பிறப்பதற்கு முன்பே ஆசை ஆசையாக வாங்கி வைத்திருந்தாள். கடை ஸ்டிக்கரைக்கூட இன்னும் கிழிக்கவில்லை. குறைமாதத்தில் பிறந்த நாளிலிருந்து குழந்தை ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. பஞ்சால் துடைத்தார்களே தவிர யாரும் குளிப்பாட்டவில்லை. இதுதான் முதல் குளியல்.

மூக்குக் குழாயைப் பிடித்து வைத்திருந்த பிளாஸ்திரியின் பசை இரண்டு கன்னத்திலும் அழுக்குக் கோடாக ஒட்டியிருந்தது. பார்லர்க்காரி விரல் நுனியில் எண்ணெய் தொட்டு, வட்டம் வட்டமாகத் தடவி, அதைக் கரைத்து எடுத்தாள். பார்லரில் வேக்ஸ் ஒட்டிக்கொண்டு கத்துகிற பெண்களுக்கு இப்படித்தான் எடுத்துவிடுவாள். இந்தக் கன்னம் சிணுங்கக்கூட இல்லை.  பார்லர்க்காரி அடுத்த கன்னத்துக்குப் போனாள்.

“அண்ணி, காதுல தண்ணி போயிடப் போகுது.”

“போகாது. நான் பிடிச்சிருக்கேன்ல.”

ஹாலிலிருந்து இரண்டு கிழவர்களின் குரலும் வந்துகொண்டே இருந்தது. ஒருவர் அவளுடைய அப்பா. வயது வந்து, விசுவாசித்து, தண்ணீருக்குள் முழுக்க முங்கி எழுந்தால்தான் ஞானஸ்நானம் என்று சொல்கிற சபையில் மூப்பர். வீட்டிலும் தெருவிலும் அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. இன்னொருவர் தம்பியின் மாமனார், ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர். கைக்குழந்தையின் தலையில் தண்ணீர் விட்டு ஞானஸ்நானம் கொடுக்கிற பழைய தேவாலயத்தில் கமிட்டிச் செயலாளர். தம்பி ஒரு தையல் கம்பெனிக்கு ஏ.சி. பழுது பார்க்கப் போய், அங்கே காலர் தைத்துக்கொண்டிருந்தவளை விரும்பித் தொலைத்ததால் இந்த இரண்டு பேரும் ஒரே ஹாலில் உட்கார வேண்டியதாயிற்று. இல்லாவிட்டால் எதிரெதிரே வந்தாலும் ரோட்டைத் தாண்டிப் போய்விடுகிற ஆட்கள்.

பார்லர்க்காரி என்ற பெயரை வைத்தவரும் மூப்பர்தான். ஊர்ப் பெண்களின் புருவத்தைத் திருத்திப் பிழைக்கிறவள் தன் மகள் என்று சபையில் தலைநிமிர முடியவில்லையாம். “அவளைத் தண்ணி தெளிச்சு விட்டாச்சு” என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்வார். தெளிப்பு ஞானஸ்நானம் என்று கேட்டாலே முகம் சுளிக்கிற மனிதர் மகள் விஷயத்தில் மட்டும் தாராளமாகத் தெளித்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் நடந்ததை நினைத்தால் அவளுக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வந்தது. குழந்தைக்கு மூச்சு மோசமான அன்று, ஹெட்மாஸ்டர் தன் போதகரை அழைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். கையில் ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணம். தீவிர சிகிச்சை அறைக் கதவின் முன்னால் மூப்பர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

“என் வீட்டுப் பிள்ளை மேல யாரும் தண்ணி தெளிக்கக் கூடாது.”

“எனக்கும் பேத்திதான் சார் அது.”

“இருக்கட்டும். அதுக்குப் பாவம்னா என்னன்னு தெரியுமா? விசுவாசம்னா என்னன்னு தெரியுமா? ஒண்ணும் தெரியாத பிள்ளை தலையில தண்ணி விட்டா அது குளிப்பாட்டுறது. ஞானஸ்நானம் இல்ல.”

“பிள்ளைக்குத் தெரிய வேண்டாம், பெத்தவங்களுக்குத் தெரிஞ்சாப் போதும். உங்க அப்பா பேரை உங்க பேருக்கு முன்னால போட்டாங்களே, உங்களைக் கேட்டுட்டா போட்டாங்க?”

“பேர் வேற, ரட்சிப்பு வேற. உங்க பசிக்கு நான் சாப்பிட முடியுமா? அந்த மாதிரி உங்களுக்காக நான் விசுவாசிக்கவும் முடியாது.”

இரண்டு பேர் சொன்னதிலும் ஆளுக்குக் கொஞ்சம் அழகு இருந்தது. அதுதான் பார்லர்க்காரியை இன்னும் எரிச்சல்படுத்தியது. முட்டாள்களாக இருந்தால் மன்னித்துவிடலாம். பேச்சு வேதத்துக்குள் போயிற்று. வேதத்தில் ஒருவனுடைய வீட்டார் எல்லோரும் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்றால் கைக்குழந்தையும் சேர்த்திதான் என்றார் ஹெட்மாஸ்டர். அந்த வீட்டில் கைக்குழந்தை இருந்தது என்று எந்த வரியில் இருக்கிறது, காட்டுங்கள் என்றார் மூப்பர். இல்லை என்று எந்த வரியில் இருக்கிறது, நீங்கள் காட்டுங்கள் என்றார் ஹெட்மாஸ்டர். என்றைக்கோ எங்கேயோ இருந்த ஒரு வீட்டில் தொட்டில் கட்டியிருந்ததா இல்லையா என்று இரண்டு பேரும் தொண்டை கிழியக் கத்தினார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் இவர்கள் வீட்டுக் கைக்குழந்தை மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தது. கடைசியில் நர்ஸ் வெளியே வந்து, இது ஆஸ்பத்திரியா சந்தைக்கடையா என்று கேட்டு, போதகர் உட்பட எல்லோரையும் லிஃப்ட் வரைக்கும் விரட்டிவிட்டாள். தம்பி சுவரோடு சுவராக நின்றான். எந்த மெஷின் எதனால் நின்றது என்று காதை வைத்தே சொல்லிவிடுகிறவன், அன்று வாயே திறக்கவில்லை.

குழந்தைக்குப் பெயர்கூட வைக்கவில்லை. ஞானஸ்நானத்தின்போது வைக்க வேண்டும் என்றார் ஒருவர். சபையில் குழந்தையை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்துப் பிரதிஷ்டை செய்கிற அன்று வைக்க வேண்டும் என்றார் மற்றவர். எல்லோரும் பாப்பா என்று கூப்பிட்டார்கள்.

தலைக்கு ஊற்றியாயிற்று. இருந்த நாலு முடியையும் பார்லர்க்காரி மெத்தென்று ஒற்றி, விரலால் ஒரு பக்கமாக வகிடெடுத்தாள். இருந்ததிலேயே சின்ன கவுனைப் போட்டும் கை நுழையாமல் தொங்கியது. மடித்துவிட்டாள்.

“தண்ணியக் கொட்டிடவா?”

“வேணாம் அண்ணி. இருக்கட்டும்.”

தம்பி மனைவியின் சட்டையில் நெஞ்சுப் பக்கம் இரண்டு இடத்தில் ஈரம். தொட்டித் தண்ணீர் தெறித்ததாக்கும் என்று துண்டை நீட்டப்போன பார்லர்க்காரி, அது என்ன ஈரம் என்று புரிந்ததும் கையை இழுத்துக்கொண்டாள். குடிக்க ஆளில்லாமல் பால் தன் பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

குழந்தையை வெள்ளைப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தார்கள். மூப்பர் அப்போதுதான் தன் சபைப் பாஸ்டருக்குப் போன் போட்டார். காது மந்தம் என்பதால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். அதனால் வீடு முழுக்கக் கேட்டது.

“பாஸ்டர், நம்ம கல்லறைத் தோட்டத்துல ஒரு சின்ன இடம் வேணும். ஓரமாக்கூடப் போதும்.”

“பிரதர்... உங்க துக்கம் எனக்குப் புரியுது. பாப்பா நேரா ஆண்டவர்கிட்டதான் போயிருக்கும். அதுல ஒரு சந்தேகமும் இல்ல. ஆனா தோட்டம் விஷயம்... முழுக்கு எடுத்த அங்கத்தினருக்கு மட்டும்தான்னு தீர்மானம் இருக்கே.”

“அது விசுவாசத்தை விட்டுப் போன பின்மாற்றக்காரங்களுக்குப் போட்டது பாஸ்டர். குழந்தைக்கு இல்ல.”

“குழந்தைக்கு விதிவிலக்குன்னு அதுல இல்லியே பிரதர். போட்டதும் நீங்கதானே. நான்கூட அன்னைக்குக் கேட்டேன், கொஞ்சம் இளக்கமா எழுதலாமான்னு. விதிவிலக்குன்னு ஒண்ணை வச்சா அதுல யானையே நுழைஞ்சிடும்னு நீங்கதான் சொன்னீங்க.”

மூப்பர் போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டார். பரலோகத்தில் இடம் உண்டாம், ஊருக்கு வெளியே இருக்கிற பொட்டல் காட்டில் இடம் இல்லையாம். பார்லர்க்காரி பெட்டியின் ஓரத்தில் வெள்ளைத் துணியைச் செருகிக்கொண்டே அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் கேள்விக்குப் பதில் தெரியாத பையனின் முகம் அது.

ஹெட்மாஸ்டருக்கு உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்திருக்க வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“கவலைப்படாதீங்க சார். நம்ம தேவாலயத்துலயே வச்சிடலாம். அதுக்கு அம்மாச்சி பக்கத்துலயே இடம் இருக்கு.”

இறந்துபோன தன் மனைவியைச் சொன்னார். எண்ணைத் தேடிப் போதகருக்குப் போன் போட்டார். ஹெட்மாஸ்டர் மரியாதைக்காரர், ஸ்பீக்கர் போடவில்லை. ஆனாலும் பேச்சு நீள நீள அவர் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. “ஆமாங்கய்யா... ஆமாங்கய்யா, நான்தான் கொண்டுவந்தேன்... இல்ல, அது அந்தச் சபைக்காரங்க...” என்று பால்கனிப் பக்கமாக நகர்ந்தார். திரும்பி வந்தபோது மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

விஷயம் இதுதான். தேவாலயத்தை உதறிவிட்டு முழுக்குச் சபைக்குப் போனவர்கள், குடும்பக் கல்லறை மட்டும் வேண்டும் என்று பிணத்தோடு திரும்பி வரத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு ஞானஸ்நானமே ஆகியிருக்காது. அந்தக் கூட்டத்தைத் தடுக்க ஹெட்மாஸ்டர் கமிட்டியில் எழுந்து நின்று, இந்தத் தேவாலயத்து முறைப்படி ஞானஸ்நானம் பெறாத யாருக்கும் தோட்டத்தில் இடமில்லை என்று ஒரு விதி கொண்டுவந்தார். எல்லோரும் கை தட்டினார்களாம். அந்த விதி இப்போது அவர் பேத்தியின் வெள்ளைப் பெட்டிக்கு முன்னால் வந்து நின்றது.

இரண்டு தோட்டம், இரண்டு பூட்டு. பூட்டியவர்கள் இரண்டு பேரும் ஒரே ஹாலில் காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்தார்கள். பார்லர்க்காரிக்குச் சிரிப்பு வந்தது. அழுகை வர வேண்டிய இடத்தில் இந்தச் சிரிப்பு வந்ததற்காக அவள் அவர்களை மேலும் வெறுத்தாள்.

“நகராட்சி மயானம் இருக்கு,” என்றாள். “அங்க யாரும் தண்ணியப் பத்திக் கேக்க மாட்டாங்க.”

“அங்கயா?” என்றார்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

“யார் யாரையோ போட்டு வச்சிருக்கிற இடத்துலயா?” என்றார் ஹெட்மாஸ்டர்.

“அநாதைப் பிணமா அது?” என்றார் மூப்பர்.

சம்பந்தம் ஆனதிலிருந்து இரண்டு பேரும் ஒத்துப்போனது இதில்தான்.

தம்பி மனைவி மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். இதுவரைக்கும் யாரும் அவளைக் கேட்கவில்லை. கேட்கிற வழக்கமும் இல்லை. அவள் பெட்டியைப் பார்த்தபடியே சொன்னாள்.

“எங்க கம்பெனி ஜன்னல்ல பாத்தா அந்தத் தோட்டம் தெரியும் அண்ணி. எங்க அம்மாவோட கல்லு தெரியும். மத்தியானம் அங்க உக்காந்துதான் சாப்பிடுவேன். பாப்பாவ அங்க வச்சா...”

அவ்வளவுதான் சொன்னாள். தம்பி அவள் தோளில் கை வைத்தான். அவள் மறுபடி தையலுக்குப் போகப்போகிறாள், அந்த ஜன்னல் பக்கத்தில் டப்பாவைத் திறந்து சாப்பிடப்போகிறாள், அதற்காக ஒன்றே ஒன்று கேட்கிறாள். 

ஹெட்மாஸ்டர் அப்போதுதான் நாற்காலியைப் பார்லர்க்காரி பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். குரலில் தேன்.

“ஏம்மா, காலையில கடைசியா பாப்பா பக்கத்துல நீதானே இருந்தே?”

“ஆமா.”

“இவங்க ரெண்டு பேரும் பால் எடுக்கிற ரூமுக்குப் போயிருந்தாங்க. வேற யாரும் இல்ல. இல்லையா?”

“நர்ஸ் இருந்தா.”

“நர்ஸை விடு. நல்லா யோசிச்சுப் பாரு. அந்த நேரத்துல பாப்பா தலையில... எதார்த்தமா... கொஞ்சம் தண்ணி கிண்ணி ஏதாவது பட்டுச்சா? ஆபத்து நேரத்துல எந்தக் கிறிஸ்தவரும் ஞானஸ்நானம் குடுக்கலாம். போதகர்தான் வேணும்னு இல்ல. நீ பிதா, குமாரன், பரிசுத்த ஆவின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தாப் போதும். பயத்துல மனுஷன் என்னவெல்லாம் செய்யுறான், அப்புறம் மறந்துபோயிடுது. பாத்தியா?”

பொய் சொல் என்று அவர் சொல்லவில்லை. கையில் அழுக்குப் படக்கூடாது. ஞாபகப்படுத்திப் பார் என்று மட்டும் சொன்னார். இத்தனை வருஷம் பிள்ளைகளுக்குக் காப்பியடிக்காதே என்று சொல்லி ஓய்வுபெற்ற மனிதர்.

“அதெல்லாம் நடக்கலை,” என்றார் மூப்பர். “என் மக பொய் சொல்ல மாட்டா.”

என் மக. அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்டு எத்தனை காலமாயிற்று என்று பார்லர்க்காரிக்கு நினைவில்லை. இன்றைக்கு அது தேவைப்பட்டது, எடுத்துக்கொண்டார்.

“அப்படி அவ சொன்னா,” என்று மூப்பர் அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினார், “முழுக்கு எடுத்தவ, தெளிப்பு குடுத்தேன்னு சாட்சி சொன்னதாகும். ஞாயிற்றுக்கிழமை நானே எழுந்து நின்னு அவ பேரை எடுக்கச் சொல்லுவேன். சபைப் பக்கமே வரக்கூடாது.”

அவளுக்குச் சபையில் பிடித்தது ஒன்றே ஒன்று, பாட்டு. கடைசி வரிசையில் பார்லர் வேலை முடிந்த கையோடு போய் நிற்பாள். மைக் இல்லாத அந்தச் சின்ன ஹாலில் எல்லோரும் சேர்ந்து குரலெடுக்கும்போது, அப்பாவின் குரலும் அதில் எங்கேயோ இருக்கும். வீட்டில் பேசாத மனிதரோடு அங்கே ஒரே வரியைச் சேர்ந்து பாடிக்கொண்டிருந்தாள். அதுவும் போகும்.

காலையில் உண்மையில் நடந்தது மிகவும் சின்ன விஷயம். உள்ளே விடும்போது நர்ஸ் அவள் கையில் மருந்து வாசனை அடிக்கிற திரவத்தை ஊற்றித் தேய்க்கச் சொன்னாள். கண்ணாடிப் பெட்டியின் ஓட்டை வழியாகக் கையை விட்டு, குழந்தையின் உள்ளங்கையில் சுண்டுவிரலை வைத்தாள். குழந்தை பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே இருந்தது. பிறகு பிடி விட்டுப்போயிற்று. தண்ணீரும் இல்லை, வார்த்தையும் இல்லை. அங்கே ஒருத்திக்குமே கடவுளின் ஞாபகம் வரவில்லை.

“உங்க போதகர் ஐயரை வரச் சொல்லுங்க,” என்றாள் ஹெட்மாஸ்டரிடம். “அவர்கிட்ட சொல்லிக்கிறேன்.”

போதகர் வந்தார். சாயங்காலம் அவருக்கு ஒரு கல்யாணம் இருந்தது. செருப்பைக் கழற்றுவதற்குள் இரண்டு தரம் கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். பெட்டியின் முன்னால் கண்ணை மூடி நின்றார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து முழங்கால்மேல் கைகளைக் கோத்துக்கொண்டார்.

“சொல்லுங்கம்மா. குழந்தைக்கு உயிர் இருக்கும்போதே குடுத்தீங்களா?”

“உயிர் இருக்கும்போதுதான்.”

“என்ன தண்ணி?”

“பைல வச்சிருந்த பாட்டில் தண்ணி.”

“தண்ணி தலையில ஓடிச்சா? இல்ல, சும்மா ஈரக்கையால தொட்டீங்களா? மன்னிக்கணும், கேக்க வேண்டியிருக்கு. தொட்டா ஆகாது. ஓடணும்.”

பார்லர்க்காரி அவரை மேலும் கீழும் பார்த்தாள். மேசைமேல் ஒரு குழந்தை செத்துக்கிடக்கிறது, இவருக்குத் தண்ணீர் ஓடியதா நின்றதா என்று தெரிய வேண்டும்.

“ஐயா, எனக்கு பார்லர். காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் தலைக்கு ஊத்துறதுதான் வேலை. நனைக்கிறது எப்படி, ஓட விடுறது எப்படி, கண்ணுக்குள்ள போகாம நெத்தியில கைய எப்படி வைக்கணும், எல்லாம் எனக்கு அத்துபடி. நீங்க ஊத்துறதைவிட நல்லாவே ஊத்தினேன். உச்சியில விட்டேன், பின்னங்கழுத்து வழியா இறங்கிச்சு. போதுமா?”

“எத்தனை தரம்?”

“மூணு தரம். ஒவ்வொருத்தர் பேருக்கும் ஒண்ணு.”

“குழந்தைக்கு என்ன பேர் சொல்லி ஊத்தினீங்க?”

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. ஹெட்மாஸ்டரும் எதிர்பார்க்கவில்லை, காபி டம்ளரை வாய்க்குப் பக்கத்தில் வைத்தபடியே நின்றுவிட்டார். பார்லர்க்காரி தம்பி மனைவியைப் பார்த்தாள். அவள் பெட்டிக்குள் மடித்துவிட்ட கவுன் கையை நீவிக்கொண்டிருந்தாள்.

“பாப்பான்னு சொன்னேன்.”

“அது பேர் ஆகாதேம்மா.”

“வேற பேர் வைக்கத்தான் இவங்க ரெண்டு பேரும் விடலையே ஐயா. எங்க வீட்டுல ஒரே ஒரு பாப்பாதான் இருந்துச்சு. கடவுள் அட்ரஸ் தெரியாம வேற வீட்டுக்கா போயிடுவாரு?”

தம்பி முதல் தடவையாகத் தலையைத் தூக்கினான். போதகர் கோத்திருந்த கைகளைப் பிரித்தார். அவள் சொல்வது பொய் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது என்பது அவளுக்கும் தெரிந்தது. அவர் மூப்பர் பக்கம் திரும்பினார்.

“நீங்க அவங்க தகப்பனார். நீங்க என்ன சொல்றீங்க?”

ஒரு வார்த்தை போதும். அவ பொய் சொல்றா என்று மூப்பர் சொன்னால் அவர் கொள்கை நிற்கும், பெட்டி மேசையிலேயே நிற்கும். மூப்பர் தம்பி மனைவியின் சட்டையில் மறுபடியும் பரவியிருந்த ஈரத்தைப் பார்த்தார். உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டு, தரையில் கால் பெருவிரலால் எதையோ தேய்த்தார். வாய் திறக்கவில்லை.

“சரி,” என்று எழுந்தார் போதகர். “நாலு மணிக்கு வச்சுக்கலாம்.”

ஹெட்மாஸ்டர் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, “பாத்தீங்களா ஐயா, ஆண்டவர் நமக்குத் தெரியாமலே ஒரு வழியத் திறந்து வச்சிருந்திருக்கார்,” என்றார். அந்த முகத்தில் இருந்த ஆச்சரியம் அவ்வளவு அசலாக இருந்தது. ஒரு நிமிஷத்துக்குள் அவரே அதை நம்பிவிட்டார். 

பெட்டியைத் தம்பியே மடியில் வைத்துக்கொண்டு காரில் வந்தான். தோட்டத்தில் குழி வெட்டுகிறவர் இவர்கள் போவதற்கு முன்பே வேலையை முடித்துவிட்டு, மண்வெட்டியைப் புல்லில் வழித்துக்கொண்டிருந்தார். பெரிய கல்லுக்குப் பக்கத்தில் அந்தக் குழி கையகலமாகத் தெரிந்தது. போதகர் வேகமாகத்தான் முடித்தார். ஞானஸ்நானத்தில் எங்களோடு இணைக்கப்பட்ட இந்தச் சிறு பிள்ளை என்று அவர் சொன்ன இடத்தில் ஹெட்மாஸ்டர் எல்லோருக்கும் கேட்கும்படி ஆமென் சொன்னார். தெளிப்பு ஆராதனையில் கலந்துகொண்டதாக ஆகிவிடும் என்று மூப்பர் தோட்டத்துக் கதவுக்கு வெளியே நின்றார். மதிலுக்கு மேல் அவருடைய தலை மட்டும் தெரிந்தது. அவர் உயரமான ஆள் இல்லை. குதிகாலைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்க வேண்டும்.

தம்பி மனைவி குழியைப் பார்த்ததைவிட எதிர்க் கட்டடத்தைத்தான் அதிகம் பார்த்தாள். மூன்றாவது மாடியில் தையல் மெஷின்களின் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. ஒரு ஜன்னலை அவள் கண்ணால் குறித்துக்கொண்டாள்.

வீட்டுக்குத் திரும்பியதும் அவள் மாத்திரை போட்டுப் படுத்துவிட்டாள். தம்பி பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். ஹெட்மாஸ்டர் போதகரோடு அப்படியே கல்யாணத்துக்குப் போய்விட்டார், கமிட்டிச் செயலாளர் போகாமல் இருக்க முடியாதாம். பார்லர்க்காரி காபி டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தாள். தொட்டி சமையலறைத் தரையில் அப்படியே இருந்தது. தண்ணீர் ஆறிப்போய், மேலே சோப்பு நுரை வற்றி ஏடாகப் படிந்திருந்தது. ஓரத்தில் பூனைமுடி போல ஒன்றிரண்டு முடி ஒட்டியிருந்தது.

வாசலில் நிழல் விழுந்தது. மூப்பர் நின்றிருந்தார். சமையலறைக்குள் அவள் இருக்கும்போது அவர் வருவதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால்கூட ஹாலிலிருந்து யாரையாவது கூப்பிடுவார். இப்போது உள்ளே வந்து, பிரிட்ஜைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஞாயிற்றுக்கிழமை விஷயத்தைச் சொல்ல வந்திருக்கிறார் என்று அவள் நினைத்தாள். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

அவர் படுக்கையறைப் பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

“நிஜமாவே ஊத்தினியா?”

கோபம் இல்லை அந்தக் குரலில். அதட்டல் இல்லை. அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது காய்ச்சலில் படுத்திருந்தாள். அன்று டாக்டரிடம் அவர் இப்படித்தான் கேட்டார்.

அவருடைய கண்ணில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. ஆமாம் என்று சொல்லமாட்டாளா என்று அந்தக் கண் கெஞ்சியது. தண்ணீரில் ஒன்றும் இல்லை என்று ஆயுசு முழுக்கப் பேசிய வாய், கதவை மறித்து நின்ற இரண்டு கை, எல்லாம் இப்போது ஒரு பாட்டில் தண்ணீருக்காக அவள் முன்னால் வந்து நிற்கின்றன. சிரித்திருக்கலாம். இதற்காகக் காத்திருந்தவளைப் போல முகத்தில் அறைந்த மாதிரி ஏதாவது சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்ல அவளிடம் எத்தனையோ இருந்தன. 

ஆமாம் என்றும் அவள் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. குனிந்து தொட்டியின் ஒரு விளிம்பைப் பிடித்தாள்.

“கனமா இருக்குப்பா. அந்தப் பக்கம் பிடிங்க. கொட்டிடலாம்.”

மூப்பர் பிரிட்ஜிலிருந்து கையை எடுத்தார். பிறகு குனிந்து மறு விளிம்பைப் பிடித்தார். ஒருவர் பின்பக்கமாக நடக்க, ஒருவர் முன்பக்கமாக நடக்க, குளியலறை வரைக்கும் அதை அலுங்காமல் கொண்டுபோனார்கள். வாசற்படி ஏறும்போது தொட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, பாப்பாவின் தலைக்கு ஊற்றிய தண்ணீர் தளும்பி அவருடைய கையை மணிக்கட்டு வரைக்கும் நனைத்தது. கொட்டி முடித்து, தொட்டியைக் கவிழ்த்து வைத்த பிறகும் அவர் அந்தக் கையைத் துடைத்துக்கொள்ளவில்லை. உடம்பை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தபடியே ஹாலுக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.